இடது கையால் எழுதிய வலைப்பூ

தத்சுவோ குவபாராவைப் பக்கவாதம் தாக்கியது மதியக் கூட்டத்தின் நடுவில். ஜப்பானின் த்சுபாமே ஊரில் எஃகுப் பாத்திரப் பட்டறைகளுக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டால் அவர் வேலை பார்த்த ராமென் கடையில் நிற்கக்கூட இடமிருக்காது. அன்றைக்கு நாற்பத்து மூன்றாவது கிண்ணத்துக்கான நூடுல்ஸை வலைக்கரண்டியில் அள்ளி, வழக்கம்போல ஒரே வீச்சில் தண்ணீரை உதறப் போனார். கை எழவில்லை. கரண்டி சட்டிக்குள் விழுந்தது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டதாக நினைத்தாராம். திட்டலாம் என்று திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அதில் முப்பது வருஷம் சமையல். ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பியபோது கால் ஒரு கைத்தடியின் தயவில் நடந்தது. பேச்சு சற்றுக் குழறலோடு திரும்பியிருந்தது. வலது கை மட்டும் திரும்பவில்லை. கடை முதலாளி நல்ல மனிதர். கல்லாவில் வந்து உட்காரச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்தார். இன்னொருவன் தண்ணீரை உதறுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு சில்லறை எண்ண அவரால் ஆகவில்லை. மூன்றாம் நாள் போகவில்லை.

அவர் மனைவி யுகியே ஊர் எல்லையில் இருக்கும் பெரிய வீட்டுச் சாமான் கடையில் பெயின்ட் பிரிவில் இருந்தாள். அதுவரை அரை நாள் வேலைதான். இப்போது முழு நாள் ஆக்கிக்கொண்டாள், சனிக்கிழமையும் சேர்த்து. காலையில் கிளம்பும் முன் அவருக்காக இரண்டு சோற்று உருண்டைகளைப் பிடித்து, ஒரு கையால் பிரிக்க ஏதுவாகச் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனிதர் அந்த உருண்டைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

கைப்பயிற்சி கொடுக்க வந்த குசுநோகி என்ற பெண்தான் இந்த எழுத்து வேலையை ஆரம்பித்து வைத்தவள். இடது கை விரல்களுக்கு வேலை கொடுக்கத் தினமும் ஒரு வரி கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னாள். என்ன எழுதுவது என்று கேட்டார். அன்றைக்குக் கை என்ன செய்ததோ அதை எழுதுங்கள் என்றாள். அன்றைக்குக் கை முட்டை உடைத்திருந்தது. அவர் எழுதினார்: "முட்டை. மூன்று உடைத்தேன். ஒன்று கிண்ணத்தில். இரண்டு தரையில்." எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

நீகாதா நகரத்தில் அச்சகத்தில் வேலை செய்யும் மகள் சிசுரு அந்த வரிகளை ஒரு வலைப்பூவில் ஏற்றும்படி செய்துகொடுத்தாள். உலகம் படிக்கட்டும் என்பது அவள் எண்ணமே அல்ல. தொலைபேசியில் அழைத்தால் அப்பா "ம்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. இப்படி இருந்தால் பஸ்ஸில் போகும்போது அவள் படித்துக்கொள்ளலாம். "இடது கையால் இன்று" என்று பெயரும் அவளே வைத்தாள்.

நான்கு மாதம் வரை படித்தவள் அவள் ஒருத்திதான். பிறகு முள்ளங்கிக் கதை வந்தது.

ஒரு கைக்காரனுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவுவது மலை ஏறுவது மாதிரி. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். வெட்டுப் பலகையில் கீழிருந்து மேலாக இரண்டு ஆணி அறைந்து, கிழங்கை அதில் குத்தி நிறுத்தினால் நகராது என்று மருத்துவமனையில் பார்த்திருந்தார். ஆனால் அந்த ஆணியை அறைய, ஒரு கை ஆணியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை சுத்தியலை வீச வேண்டும். யுகியேவைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வெள்ளை முள்ளங்கியில் ஒரு தடித்த வில்லையை வெட்டி, கவிழ்த்துப் போட்ட பலகையின் மேல் வைத்து, அதில் ஆணியைச் செருகினார். முள்ளங்கி ஆணியைப் பிடித்துக்கொண்டது. அவர் சுத்தியலை வீசினார். கடைசியில் முள்ளங்கியைச் சூப்பில் போட்டுவிட்டார். அதையும் எழுதினார்.

அந்தப் பதிவை யார் யாருக்கு அனுப்பினார்களோ, ஒரு வாரத்தில் இரண்டாயிரம் பேர் படித்திருந்தார்கள். பின்னூட்டங்கள் வந்தன. ஹொக்காய்தோவிலிருந்து, ஒகினாவாவிலிருந்து, அவரைப் போலவே ஒரு கை அணைந்துபோனவர்கள். பாட்டில் மூடியை எப்படித் திறக்கிறீர்கள்? அரிசியை எப்படிக் கழுவுகிறீர்கள்? எந்தக் கத்தரிக்கோல்?

சிசுரு வந்து வலைப்பூவில் விளம்பரம் வர ஏற்பாடு செய்தாள். அவர் சொல்லும் கத்தரிக்கோலுக்கும் திறப்பானுக்கும் பக்கத்தில், அதை விற்கும் இடத்துக்கு ஓர் இணைப்பு வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அதன் வழியாகப் போய் யாராவது வாங்கினால் விலையில் நூற்றுக்கு மூன்று அவருக்கு வரும். முதல் மாத வருமானம் முப்பத்தேழு யென்.

யுகியே அந்தத் திரையை வெகு நேரம் பார்த்தாள்.

"ஒரு முட்டை வாங்கலாம்," என்றாள். "உடைக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க."

அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு மகளிடம் சொன்னாள்.

தத்சுவோ வேலைக்குப் போவது போலவே இதைச் செய்தார். காலை எட்டு மணிக்கு முகம் மழித்து, தலையில் பழைய கடைத் துண்டைக் கட்டிக்கொண்டு — கட்டுவதற்கு ஒரு கையும் பல்லும் — அடுப்படியில் நிற்பார். பதினொரு மணி வரை ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பார். மதியத்துக்கு மேல் ஒற்றைக் கையால் எழுதுவார். விரலுக்கு வலி என்பதால் வார்த்தையை வீணாக்க மாட்டார். அவருடைய வாக்கியங்கள் சுத்தியல் அடி போல இருக்கும். படிக்கிறவர்களுக்கு அது பிடித்தது.

பக்கத்துத் தெருவில் மூன்று இயந்திரங்கள் வைத்துக் கரண்டி வார்க்கும் ஹோஷினா, ஒரு நாள் அந்த ஆணிப் பலகையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆணியைத் துருப்பிடிக்காததாக, முனை மழுக்கி, கழற்றிக் கழுவுகிற மாதிரி செய்து விற்பனைக்கு வைத்தார். தத்சுவோவின் பக்கத்திலிருந்து போய் வாங்கும் ஒவ்வொரு பலகைக்கும் நூற்றுக்குப் பத்து கொடுப்பதாகச் சொன்னார். இரண்டாம் வருஷக் கடைசியில் வருமானம் மாதம் ஐம்பதாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது. சமையல்காரராக வாங்கியதில் கால் பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த டிசம்பரில் பனி கொட்டியபோது அவர் முதன்முறையாகத் தெருக்கோடியில் பனி அள்ளும் இயந்திரம் வைத்திருப்பவரை அழைத்து, முழு சீசனுக்கும் பேசி முடித்தார். அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலமும் யுகியே வேலைக்குப் போகும் முன் தனியாக நின்று வாசலை வெட்டித் திறந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். பணம் என்றால் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஜன்னல்தான். யுகியேவும் சனிக்கிழமை வேலையை விட்டாள்.

அந்த நல்ல காலத்தில்தான் அவருக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. தோற்றுப்போன பொருளைப் பற்றி எழுதினால் யாரும் எதையும் வாங்குவதில்லை. சரியாக வந்ததை எழுதினால் வாங்குகிறார்கள். யாரும் அவரிடம் இப்படி எழுது என்று சொல்லவில்லை. தரையில் விழுந்த இரண்டு முட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவிலிருந்து காணாமல் போயின. கிண்ணத்தில் விழுந்த ஒன்று மட்டும் இருந்தது.

மூன்றாம் வருஷம் அக்டோபரில் ஒரு பின்னூட்டம் வந்தது.

"நீங்கள் சொன்ன காய் சீவும் பலகையை வாங்கினேன். ரப்பர் கால் ஒட்டிக்கொள்ளும் என்றீர்கள். நழுவியது. உள்ளங்கையில் ஏழு தையல். எனக்கு இருந்ததும் ஒரே கைதான். உசாமி, உவோசு நகரம்."

தத்சுவோ எழுந்து போய்த் தன் சீவு பலகையை எடுத்தார். மேஜையில் வைத்து அழுத்தினார். ரப்பர் கால்கள் கல் போல ஒட்டின. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு அதை வரவேற்பறை மர மேஜைக்குக் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். இடது கை லேசாகத் தள்ளியதும் அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவர் வீட்டுச் சமையல் மேஜை முழுக்க எஃகுத் தகடு. த்சுபாமேயில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வேறு ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பலகையின் விலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது யென். உசாமியின் உள்ளங்கைக்காக இவருக்கு வந்திருந்தது ஐம்பத்தொன்பது யென்.

முதலில் அவர் பதிவை அழித்தார். ஒரு மணி நேரம் கழித்து அதைத் திரும்பப் போட்டார். உசாமி எழுதியதை அப்படியே எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக வைத்தார். அதற்குக் கீழே, "என் மேஜை எஃகு. அதை நான் சொல்லவில்லை" என்று எழுதினார். மகள் அழைத்து, சட்டப்படி அப்பாமேல் எந்தப் பொறுப்பும் இல்லை, வாங்குகிறவர்கள் தங்கள் பொறுப்பில்தான் வாங்குகிறார்கள் என்று விளக்கினாள். "ம்" என்றார். அன்றிரவே உசாமிக்கு எழுதி வீட்டு விலாசம் வாங்கினார். மறுநாள் காலை முதுகுப் பையில் கத்தி, ஆணிப் பலகை, சூப்புக்குக் கொஞ்சம் மிசோ விழுது எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கே?" என்றாள் யுகியே.

"உவோசு."

"நானும் வரேன். லீவு சொல்லிடறேன்."

"வேண்டாம். வெட்டுப்பட்டது உன் பேச்சைக் கேட்டு இல்ல."

அவள் ரயில் மாற வேண்டிய ஊர்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள். நான்கு ரயில். நோய் வந்த பிறகு அவர் தனியாக ரயில் ஏறியதே இல்லை. நாகஒகா நிலையத்தில் படி இறங்க அவருக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. கண்ணெதிரே ஒரு ரயில் போயிற்று. நவோயெத்சுவைத் தாண்டியதும் ஜன்னலெல்லாம் கடல். அவர் அதைப் பார்க்கவில்லை. போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

உசாமி அறுபத்தெட்டு வயதுக்காரர். டாக்ஸி ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். இடது கை மணிக்கட்டு வரை கட்டு. வலது கை தத்சுவோவுடையது போலவே தொங்கியது.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?" என்றார். "கேட்டுட்டுக் கிளம்புங்க. நாலு மணிக்கு ஒரு ரயில் இருக்கு."

ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் தத்சுவோவுக்கு மறந்துபோனது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

உசாமி மேஜைப் பக்கம் தலையை ஆட்டினார். மேஜைமேல் பிரிக்கப்படாத இரண்டு ரொட்டிப் பொட்டலங்கள் இருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்மணி மாலையில் வந்து பிரித்துக் கொடுப்பாராம்; அதுவரை காத்திருக்க வேண்டுமாம். தத்சுவோ காலணியைக் கழற்றினார். ஒரு கையால் கழற்ற நேரமாயிற்று. நேராக அடுப்படிக்குப் போனார்.

பழைய மர மேடை. நாற்பது வருஷக் கத்தித் தடங்கள் அதில் வரப்பு வரப்பாக இருந்தன. ரப்பர் கால் ஒட்ட அதில் ஒரு சாண் சமதளம் இல்லை. அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை விரித்து அதன் மேல் தன் ஆணிப் பலகையை வைத்து, கிழங்கைக் குத்தி நிறுத்தினார்.

அன்று நாலு மணி ரயில் போனது. நான்கு நாள் அவர் அங்கேயே தங்கினார். மூன்று வேளையும் சமைத்தார். கரண்டியை உசாமியின் விரல் நுனிகளுக்கிடையில் செருகி, கட்டின் மேல் ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார், ஊட்டிவிடவில்லை. உசாமி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தார். சூப்பில் உப்பு அதிகம், வெங்காயத்தின் தடிமன் சரியில்லை, கத்தியைக் கழுவி எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்.

"உங்க பதிவு முன்னூத்திச் சொச்சம் இருக்கு. எல்லாத்தையும் படிச்சேன். ஆரம்பத்துல எல்லாம் கீழ போடுறீங்க, உடைக்கிறீங்க, சூடு பட்டுக்கறீங்க. அப்புறம் ஒண்ணுமே கெட்டுப் போகல. கை நல்லாயிடுச்சா உங்களுக்கு?"

"இல்ல."

"அப்ப இப்பவும் கீழதான் போடுறீங்க."

"போடுறேன்."

"அதை எழுதியிருந்தீங்கன்னா நான் முதல்ல ஒரு கேரட்டை வச்சு மெதுவாத் தள்ளிப் பார்த்திருப்பேன். உங்களுக்கு எல்லாம் சரியா வருதேன்னு நம்பி, ஒரே தள்ளாத் தள்ளினேன்."

தத்சுவோ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். உசாமியும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. நான்காம் நாள் தையல் பிரித்துவிட்டு வந்ததும் தானும் வெட்டுவேன் என்று அடுப்படிக்குள் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் இடது கை. அந்தக் குறுகிய இடத்தில் ஒரே பக்கமாகக் கைநீட்டி, முழங்கையால் இடித்து, ஒரு கிண்ணம் உடைந்தது. ஒருவருக்காவது வலது கை இருந்திருக்கக் கூடாதா என்று உசாமி கடவுளைத் திட்டினார்.

வீடு திரும்பிய தத்சுவோ புதிதாக எதுவும் எழுதவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். சொன்ன பொருளையெல்லாம் மறுபடி எடுத்து, எஃகு மேல், மரத்தின் மேல், ஈரத்தில், எண்ணெய்க் கையோடு என்று செய்து பார்த்தார். எங்கே நழுவும், எப்போது வெட்டும், தான் எத்தனை தடவை தோற்றார் என்பதைத்தான் மேலே எழுதினார். மூன்று மாதமாவது தானே பயன்படுத்திப் பார்க்காத பொருளின் இணைப்பை எல்லாம் நீக்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்க இதே வேலை. வருமானம் பதினெட்டாயிரத்துக்கு இறங்கியது. ஹோஷினாவுக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம். ஆணிப் பலகையில் தக்காளி நசுங்கும் என்று எழுதிவிட்டாரே. பனி அள்ளுகிறவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். யுகியே மறுபடி சனிக்கிழமை வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போவதற்கு முதல் நாள் மட்டும், பெயின்ட் பிரிவில் ஆள் இல்லையாம், கெஞ்சுகிறார்கள் என்றாள். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

வசந்தத்தில் குசுநோகி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில், வீடு திரும்பும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் இந்த வலைப்பூவின் முகவரியை அச்சடித்திருக்கிறார்கள். பொருள் விற்கிற பக்கங்களை அவர்கள் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இதில் மட்டும் எது ஆபத்து என்று முதலில் எழுதியிருப்பதால் சொல்கிறார்களாம். இன்னும் இரண்டு மூன்று இடங்களில் அதைப் பார்த்துச் செய்தார்கள். இலையுதிர் காலத்துக்குள் வருமானம் ஐம்பதாயிரத்தைத் தாண்டி எழுபதாயிரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அவரும் ஏற்ற முயலவில்லை. உசாமி ஒவ்வொரு பதிவுக்கும் கீழே குறை எழுதுவார். அவர் குறையைப் படிப்பதற்கென்றே வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் வருஷம் ஜூன் மாதத்தில் குமமோதோவிலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. எழுதியவளுக்கு முப்பத்தொரு வயது. பிள்ளை பெற்ற மூன்றாவது வாரம் பக்கவாதம். சமையல் எல்லாம் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், இதைக் கேட்கத்தான் வெட்கமாக இருக்கிறது, ஒரு கையால் உள்ளாடையின் கொக்கியை எப்படி மாட்டுவது, தினமும் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

தத்சுவோ அதை மூன்று முறை படித்தார். காது சிவந்தது. சாயங்காலம் யுகியே வந்ததும் கணினியை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

யுகியே படித்து முடித்தாள்.

"இதுக்குப் பதில் தெரியாமத்தான் அஞ்சு வருஷமா எழுதுறீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பாதிப் பேர் பொம்பளைங்கன்னாவது தெரியுமா?"

அன்று முதல் மூன்று நாள், வேலை முடிந்து வந்ததும் யுகியே தன் வலது கையை இடுப்போடு சேர்த்து ஒரு துணியால் கட்டச் சொன்னாள். தத்சுவோதான் பல்லும் இடது கையுமாக முடிச்சுப் போட்டார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து பெயின்ட் பிரிவில் கற்ற வசவுகள் கேட்கும். இரண்டாம் நாள் தோள் சுளுக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் துணி உலர்த்தும் கவ்வி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளாடையின் ஒரு முனையைக் கவ்வியால் பாவாடை இடுப்பில் பிடித்து வைத்து, மறு முனையை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, வயிற்றுக்கு நேரே மாட்டி, பிறகு சுழற்றிக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபோது வியர்த்திருந்தது.

எழுதவும் அவளே எழுதினாள், இடது கையாலேயே. தோற்ற பதினொரு தடவையும் முதலில் வர வேண்டும் என்றார் தத்சுவோ. பதினொன்றையும் போட்டாள், எந்தத் தடவை என்ன திட்டினாள் என்பதையும் போட்டாள். ஐந்து வருஷத்தில் தத்சுவோ எழுதிய எதையும்விட அதிகம் பேர் படித்தது அந்தப் பதிவைத்தான். கவ்வியின் விலை நூறு யென். அதற்கு அவள் எந்த இணைப்பும் வைக்கவில்லை. ஆனாலும் அந்த மாதத்து விளம்பரப் பணம் இரண்டு மடங்காயிற்று. கீழே உசாமி, "இந்தப் பதிவில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார்.

ஒன்பது நாள் கழித்துக் குமமோதோப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. காலையில் தானே மாட்டிக்கொண்டாளாம். ஆறு நிமிஷம் ஆனதாம். அம்மா கதவுக்கு வெளியே குழந்தையோடு நின்றிருந்தாராம், இவள் கூப்பிடவில்லையாம்.

தத்சுவோ அதைச் சத்தமாக வாசித்தார். யுகியே காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள், வேலைக்கு நேரமாகிவிட்டது.

"ஆறு நிமிஷமா?" என்றாள். "எனக்கு ஒன்பது ஆச்சு."